சேவைநலன் பாராட்டு இல்லாமல் வந்த ஓய்வு

(எமது அமைப்பின் பெண்கள் சந்திப்பில், தொண்டராகப் பணியாற்றும் வழக்குப் பணியாளர் ஒருவர் ஆற்றிய உரை. வந்திருந்தவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்தில் தருகிறோம். இவை பொதுவான தகவல்கள். உங்கள் வழக்கைப் பொறுத்தவரை உங்கள் சட்டத்தரணி சொல்வதையே கேட்டு நடவுங்கள்.)

 பின்னுக்கு நிற்கிற ஐயாமாரும் வந்து இருங்கோ, கதிரை இருக்குது.

ஐம்பது வயதுக்குப் பிறகு வேலையும் ஓய்வும் என்ற விஷயத்தைப் பற்றிக் கதைக்கச் சொல்லி என்னைக் கேட்டார்கள். நான் நாற்பதுகளில் இருக்கிறவள். உங்களில் பலர் எனக்கு அக்கா வயது, சிலர் அம்மா வயது. உங்களுக்குப் புத்தி சொல்ல நான் வரவில்லை. எங்கள் மேசைக்கு வந்த கேள்விகளையும், அவற்றுக்கு நாங்கள் தேடி அறிந்த பதில்களையும் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு அக்காவின் கதையோடு தொடங்குகிறேன். பேரும் சொல்லமாட்டேன், ஊரும் சொல்லமாட்டேன். இருபத்தெட்டு வருடம் கணிதம் படிப்பித்தவர். வந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். பேர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் சரி. 'தொழில்' என்ற இடம் வந்ததும் பேனையை வைத்துவிட்டார். "பிள்ளை, இதிலை நான் என்ன எழுதுறது? ரீச்சர் எண்டு எழுதுறதோ, ஒண்டுமில்லை எண்டு எழுதுறதோ?" என்று கேட்டார். நானும் முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

ஊரில் ஒரு ரீச்சர் ஓய்வு பெறும்போது என்ன நடக்கும்? சேவைநலன் பாராட்டு விழா வைப்பார்கள். மாலை போடுவார்கள், பொன்னாடை போர்ப்பார்கள், பழைய மாணவர்கள் வந்து அழுதழுது பேசுவார்கள், ஒரு சின்ன மலர்கூட வெளியிடுவார்கள். அடுத்த நாள் காலையில் அந்த ரீச்சருக்குத் தெரியும், தன் வேலை முடிந்தது, ஒழுங்காக முடிந்தது என்று. எங்கள் அக்காவுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை படிப்பித்தார், அடுத்த கிழமை விமானத்தில் இருந்தார். வேலையை விட்டாரா, வேலை அவரை விட்டதா, ஓய்வு பெற்றாரா, வேலை தேடுகிறவரா என்பது அவருக்கே தெரியவில்லை.

அவருக்கு நான் பிறகு சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். செய்த வேலையை எழுதுங்கள். எந்த வருடம் தொடங்கி எந்த வருடம் வரை என்று திகதியோடு எழுதுங்கள். இதில் பெருமை மட்டும் இல்லை, காரணமும் உண்டு. பாதுகாப்பு வீசா விண்ணப்பத்தில் உங்கள் வேலை வரலாறு கேட்கப்படும். அங்கே ஒரு திகதியும், வேறொரு படிவத்தில் இன்னொரு திகதியும் இருந்தால் பிறகு நேர்முகத்தில் கேள்வி வரும். ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் ஒருதரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படிவத்துக்கும் அந்தக் கொப்பியைப் பார்த்தே நிரப்புங்கள்.

இரண்டு நாட்டு விதிகள்

எங்கள் குழப்பத்துக்கு ஒரு காரணம், ஓய்வு வயது என்பது ஊரில் ஒருமாதிரி, இங்கே வேறுமாதிரி இருப்பது.

இலங்கையில் அரச வேலையில் இருந்தவர்கள் விரும்பினால் 55இல் ஓய்வு பெறலாம், 60இல் கட்டாயம் போகவேண்டும் என்றுதான் நாங்கள் அறிந்தோம். 2021 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் கட்டாய வயது 65 ஆக்கப்பட்டது. பொருளாதார நெருக்கடி வந்த பிறகு 2022இல் அதை மறுபடி 60 ஆக்கினார்கள். இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு வீடு திருத்தக் கடன் எடுத்தவர்கள், அந்த வருடம் டிசம்பர் 31ஆம் திகதி ஒரேயடியாக வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. தனியார் துறையில் பல இடங்களில் பெண்களை 50இலேயே அனுப்பும் வழக்கம் இருந்தது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அங்கே குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆனது. ஊழியர் சேமலாப நிதியத்தில் பெண்கள் 50இல் பணம் எடுக்கலாம், ஆண்கள் 55இல் எடுக்கலாம் என்பது பழைய விதி. ஆகவே ஐம்பது தாண்டிய பெண் என்றால் 'முடிந்துபோன ஆள்' என்ற எண்ணம் எங்கள் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

இங்கே பெரும்பாலான வேலைகளுக்குக் கட்டாய ஓய்வு வயது என்று ஒன்றே இல்லை. 2004ஆம் ஆண்டின் வயதுப் பாகுபாட்டுச் சட்டத்தின்படி, வயதைக் காரணம் காட்டி வேலை தராமல் விடுவது பொதுவாகச் சட்டவிரோதம். நடைமுறையில் வயதைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் புது வேலைக்குப் பயிற்சிக்குப் போவதை இங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

இந்த நாட்டுப் பெண்களுக்கும் இது சும்மா கிடைத்ததில்லை. 1966 வரை அவுஸ்திரேலிய மத்திய அரச சேவையில் ஒரு பெண் திருமணம் செய்தால் நிரந்தர வேலையை விடவேண்டும். எல்லோருக்கும் கட்டாய ஓய்வுச் சேமிப்பு வந்தது 1992இல்தான். ஆகவே இங்கே பிறந்து வளர்ந்த எத்தனையோ வயதான பெண்களும் பெரிய சேமிப்பு இல்லாமல்தான் ஓய்வுக்குப் போனார்கள். 'எங்களுக்கு மட்டும்தான் இப்படி' என்று நினைக்காதீர்கள்.

ஊர் ஓய்வூதியம் என்ன ஆகும்?

இது அடிக்கடி வரும் கேள்வி. மூன்று விதமானவர்கள் இருக்கிறீர்கள்.

முதலாவது, ஏற்கெனவே ஓய்வு பெற்று ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள். ஓய்வூதியம் பெறுகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு வருடந்தோறும் ஒரு சான்றிதழ் கொடுக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருப்பவர்கள் வழக்கமாக அதைத் தூதரகம் மூலம்தான் செய்வார்கள். கன்பெராவில் உயர்ஸ்தானிகராலயமும், சிட்னியிலும் மெல்பேர்ணிலும் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. இங்கேதான் கவனம் வேண்டும். அந்த அரசாங்கத்துக்குப் பயந்து இங்கே பாதுகாப்புக் கேட்டிருக்கிற நீங்கள், அதே அரசாங்கத்தின் அலுவலகத்துக்கு நீங்களாகவே போனால், 'பயம் இருந்தால் ஏன் போனீர்கள்?' என்று உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் கேட்கலாம். நீங்கள் இங்கே இருப்பதும் அங்கே தெரியவரும். ஆகவே சான்றிதழுக்கோ, கடவுச்சீட்டுப் புதுப்பிக்கவோ, வேறு கையெழுத்துக்கோ தூதரகப் படி ஏறுமுன் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஒரு மாத ஓய்வூதியம் பிந்தினால் பிறகு பார்க்கலாம். வழக்கில் விழுந்த ஓட்டையை அடைப்பது கஷ்டம்.

இரண்டாவது, சம்பளமற்ற லீவு எடுத்து வந்தவர்கள். அந்த லீவு எப்போது முடிகிறது என்ற கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். முடிகிற திகதிக்கு முன்பே சட்டத்தரணியோடு கதையுங்கள். ஓய்வு பெற விண்ணப்பிக்கிற வயது வந்திருந்தால், அதை யார் மூலம், எப்படிச் செய்வது என்று திட்டமிடவேண்டும்.

மூன்றாவது, ஒன்றும் சொல்லாமல் வந்தவர்கள். உயிருக்குப் பயந்து ஓடுகிறவர் அதிபரிடம் லீவுப் படிவம் கொடுத்துவிட்டு ஓடுவதில்லை. ஆனால் அறிவிக்காமல் வேலைக்குப் போகாவிட்டால், பதவியை விட்டு விலகியதாகக் கருதி அறிவித்தல் அனுப்புவார்கள். அப்படி ஆனால் ஓய்வூதிய உரிமை போகக்கூடும். அந்தக் கடிதம் வீட்டுக்கு வந்தால் கிழித்து எறியச் சொல்லாதீர்கள். படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் எப்போது, எப்படி வேலையை விட்டீர்கள் என்பதற்கு அது ஒரு ஆவணம். உங்கள் சட்டத்தரணிக்கு அது பயன்படலாம்.

இன்னும் இரண்டு விஷயம். ஊரில் இருக்கிற சகோதரத்துக்கோ மருமகனுக்கோ அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்பார்கள். 'பென்சனை எடுக்க' என்று சொல்லிக் காணியையும் சேர்த்து எழுதுகிற தத்துவம் உண்டு. வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். மற்றது, ஊரிலிருந்து உங்களுக்குப் பணம் வருகிறது என்றால், இங்கே அரச உதவிப் பணம் எடுக்கும்போது அதைச் சொல்லவேண்டும். அதை மறைத்துப் பிடிபட்டால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், பிரச்சினையும் வரும்.

தனியார் துறையில் வேலை செய்தவர்கள் ஊழியர் சேமலாப நிதிய அங்கத்துவ இலக்கத்தைத் தேடி எழுதி வையுங்கள். நீங்கள் இங்கே வந்துவிட்டதால் அந்தக் காசு இல்லாமல் போகாது. எடுக்கிற நேரத்தையும் வழியையும் பற்றித்தான் யோசிக்கவேண்டும்.

இந்த நாட்டின் முதியோர் ஓய்வூதியம்

இங்கே அரசாங்கம் கொடுக்கிற முதியோர் ஓய்வூதியம் 1909இல் தொடங்கியது. நீண்டகாலம் பெண்களுக்கு வயது 60, ஆண்களுக்கு 65. 1995இலிருந்து பெண்களின் வயதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி ஆண்களுக்குச் சமமாக்கினார்கள். 2017இலிருந்து இருவருக்கும் உயர்த்தினார்கள். 2023 ஜூலை 1 முதல் அது 67.

புகலிடக் கோரிக்கை இன்னும் முடிவாகாமல், இணைப்பு வீசாவில் இருப்பவர்களுக்கு இந்த ஓய்வூதியம் கிடைக்காது. அறுபத்தேழு தாண்டியிருந்தாலும் கிடைக்காது. இதை நேரே சொல்லிவிடுகிறேன். 'காசு தந்தால் எடுத்துத் தாறன்' என்று ஒருவரும் உங்களை ஏமாற்றக்கூடாது.

பாதுகாப்பு வீசா கிடைத்துவிட்டால் நிலைமை மாறும். சாதாரணமாகக் குடியேறி வந்தவர்கள் முதியோர் ஓய்வூதியம் எடுக்க இந்த நாட்டில் 10 வருடம் நிரந்தரமாக வசித்திருக்கவேண்டும். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு அந்தப் பத்து வருட விதியிலிருந்து விலக்கு உண்டு. 67 வயதாகி, வருமானமும் சொத்தும் எல்லைக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இதை அறியாமல், 'வந்து பத்து வருடம் ஆகவில்லைத்தானே' என்று பேசாமல் வீட்டில் இருந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். வீசா கிடைத்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகுதான் கேட்டு வந்தார். விண்ணப்பிக்காத காலத்துக்குப் பின்னோக்கிப் பணம் கேட்டுப் பெறுவது சுலபமில்லை. ஆகவே வீசாக் கடிதம் வந்த கிழமையே சென்ரர்லிங்க் போங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அது இலவசம்.

தொகை வருடத்தில் இரண்டு தடவை, மார்ச்சிலும் செப்டெம்பரிலும் மாறும். ஒரு அளவுக்குச் சொல்வதென்றால், 2025 செப்டெம்பர் 20இல் தனியாக வாழ்பவருக்கு இரண்டு கிழமைக்கு ஆகக்கூடியது 1,178.70 டொலராக இருந்தது.

சுப்பர் என்கிற சேமிப்பு

இணைப்பு வீசாவில் வேலை செய்ய அனுமதி உள்ளவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். வேலை அனுமதி இருக்கிறதா என்று சந்தேகமென்றால் உங்கள் வீசா நிபந்தனைகளை வீவோ என்ற இணையச் சேவையில் பார்க்கலாம், நாங்கள் பார்த்துத் தருவோம்.

இங்கே முதலாளி உங்கள் சம்பளத்துக்கு மேலதிகமாக ஒரு பங்கை உங்கள் பேரில் ஓய்வுச் சேமிப்பு நிதியத்தில் போடவேண்டும். அதைத்தான் எல்லோரும் 'சுப்பர்' என்கிறார்கள். ஊரிலிருந்த சேமலாப நிதியின் தம்பி மாதிரி. 2025 ஜூலை 1 முதல் அந்தப் பங்கு 12 வீதம். முன்பு மாதம் 450 டொலருக்குக் குறைவாக உழைத்தால் கட்டத் தேவையில்லை என்று ஒரு விதி இருந்தது. 2022 ஜூலை 1 உடன் அது எடுபட்டுவிட்டது. கிழமைக்கு ஆறு மணித்தியாலம் மட்டும் துப்புரவு வேலை செய்யும் அக்காவுக்கும் இப்போது சுப்பர் உண்டு. நிரந்தர வீசா இல்லை என்பது ஒரு சாட்டு இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கோ. கிழமைக்கு 600 டொலர் உழைக்கிற ஒருவருக்குச் சுப்பர் 72 டொலர். வருடம் முழுக்க வேலை செய்தால் 3,744 டொலர். உள்ளே போகும்போது 15 வீதம் வரி போனால் மிச்சம் ஏறக்குறைய 3,180. ஐம்பத்தைந்தில் தொடங்கி அறுபத்தைந்து வரை பத்து வருடம் வேலை செய்தால் 31,000 டொலருக்கு மேல், நிதியம் சேர்க்கிற லாபமும் கழிக்கிற கட்டணமும் வேறு. 'இந்த வயதிலை எனக்கு ஏன் சுப்பர்?' என்று கேட்கிற அக்காமாருக்கு இதுதான் பதில். கையில் காசு வாங்கி வேலை செய்தால் இது முழுக்க முதலாளியின் பொக்கெட்டில் நிற்கும்.

செய்யவேண்டியது நான்கு.

ஒன்று, வரி இலக்கத்தை எடுத்து முதலாளிக்கும் நிதியத்துக்கும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் வரி கூட வெட்டுவார்கள்.

இரண்டு, சம்பளச் சீட்டில் சுப்பர் எழுதியிருந்தால் மட்டும் நம்பாதீர்கள். எழுதுவது வேறு, கட்டுவது வேறு. நிதியத்துக்குப் போன் எடுத்து உண்மையில் காசு வந்ததா என்று கேளுங்கள். 2026 ஜூலை 1க்கு முன் முதலாளிக்கு மூன்று மாதத்துக்கு ஒருதரம் கட்டினால் போதும் என்ற விதி இருந்தது. அந்தத் திகதியிலிருந்து கொடுக்கப்படும் சம்பளங்களுக்கு, சம்பள நாளிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் நிதியத்துக்குப் போகவேண்டும் என்று 2025இல் சட்டம் வந்தது.

மூன்று, வேலை மாறும்போது புதுப்புதுக் கணக்குத் திறக்காதீர்கள். பழைய நிதியத்தின் பேரையும் அங்கத்துவ இலக்கத்தையும் கொடுங்கள். நான்கு கணக்கென்றால் நான்கு கட்டணம்.

நான்கு, நீங்கள் இல்லாமல் போனால் காசு யாருக்கு என்று நிதியத்தில் பதிந்து வையுங்கள். கணவரோ பிள்ளைகளோ ஊரில் இருந்தாலும் அவர்கள் பேரைப் போடலாம். இதைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் பதியாமல் விட்டால் பிள்ளைகள்தான் அலைவார்கள்.

இந்தக் காசை நினைத்த நேரம் எடுக்கமுடியாது. பொதுவிதிப்படி 60 வயதாகி ஓய்வு பெற்ற பிறகு, அல்லது 65 வயதில் எடுக்கலாம். தற்காலிக வீசாவில் இருக்கும்வரை விதிகள் வேறு, நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகிறவர்களுக்கும் வேறு. 'இப்பவே எடுத்துத் தாறன், எனக்கு இவ்வளவு தாங்கோ' என்று வருகிற தரகர்களை நம்பவேண்டாம். சட்டவிரோதமாக எடுத்தால் வரியும் தண்டமும் உங்கள் தலையில்தான் விழும், தரகர் போய்விடுவார்.

என்ன வேலை, எவ்வளவு காலம்?

'படிப்பித்த நான் இனிக் கக்கூஸ் கழுவுறதோ' என்று ஒரு அம்மா அழுதார். அழவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தேன். பிறகு ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தோம்.

இங்கே பள்ளிக்கூடத்தில் பதிவுபெற்ற ஆசிரியராவதற்கு விக்ரோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் தனித்தனிப் பதிவு அமைப்புகள் உண்டு. வெளிநாட்டில் படித்தவர்களிடம் பொதுவாகக் கேட்கப்படும் ஆங்கிலத் தரம் உயர்ந்தது: ஐஈஎல்ரிஎஸ் பரீட்சையில் வாசிப்பிலும் எழுத்திலும் 7, பேச்சிலும் கேட்டலிலும் 8, மொத்தம் 7.5. நாற்பதில் வந்தவருக்கு அது ஒரு பாதை. ஐம்பத்தெட்டில் வந்தவருக்கு அந்த நேரத்தையும் காசையும் போடுவது புத்தியா என்று நிதானமாக யோசிக்கவேண்டும். முடியாது என்று நான் சொல்லமாட்டேன். முடிவு உங்களுடையது.

இடையில் வேறு பாதைகளும் இருக்கின்றன. முதியோர் பராமரிப்பு, சிறுவர் பராமரிப்பு இரண்டிலும் 'சேர்ட்டிபிக்கற் மூன்று' படித்து வேலைக்குப் போனவர்கள் எங்கள் பெண்களில் பலர் இருக்கிறார்கள். புகலிடம் கோருவோர் குறைந்த கட்டணத்திலோ கட்டணமில்லாமலோ இப்படியான படிப்புகளில் சேர இரண்டு மாநிலங்களிலும் திட்டங்கள் உண்டு. காசு கட்டி எங்கேயாவது சேருமுன் எங்களிடம் வந்து கேளுங்கள். தமிழ் படிப்பிக்க விரும்புகிறவர்களுக்கு வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் இருக்கின்றன. தமிழ் இங்கே சிட்னிப் பிள்ளைகளுக்கு எச்எஸ்சியிலும், மெல்பேர்ண் பிள்ளைகளுக்கு விசிஇயிலும் ஒரு பாடம். பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான அனுமதிச் சோதனை தேவை. தொண்டர்களுக்கு அது இலவசம். வேலை அனுமதி இல்லாதவர்கள் தொண்டு செய்யுமுன்னும் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உடம்பையும் யோசியுங்கள். ஐம்பத்தாறில் ஒரு ஆளைத் தூக்கிக் குளிக்க வார்ப்பது முப்பதில் செய்வது போல் இல்லை. தூக்கும் முறையைப் படிப்பிக்கச் சொல்லிக் கேளுங்கள், தூக்கும் இயந்திரம் இருந்தால் அதைப் பாவியுங்கள். முதுகு பிடித்தால் 'வயசு போட்டுது' என்று எண்ணெய் பூசிவிட்டு அடுத்த நாள் போகாதீர்கள். வேலையில் நடந்த காயம் என்று அன்றைக்கே எழுத்தில் அறிவியுங்கள், டொக்டரிடமும் அப்படியே சொல்லுங்கள். வேலைக் காய நட்டஈடு உங்களுக்கும் உண்டு.

நான் இங்கே வந்த புதிதில் ஒரு இடத்தில் வேலை செய்தேன். மூன்று கிழமை 'ரெயினிங்' என்று சொல்லிச் சம்பளம் தரவில்லை. வீசாவுக்கு ஏதும் நடந்துவிடும் என்ற பயத்தில் நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு மனவருத்தம். 2023இல் சட்டத்தைத் திருத்தி, வீசா நிலைமை எப்படி இருந்தாலும் வேலை உரிமைகள் பொருந்தும் என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். 2025 ஜூலை 1இல் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 24.95 டொலராக இருந்தது. வருடந்தோறும் ஜூலையில் அது மாறும். அதற்குக் கீழே தருகிறார்கள் என்றால் வந்து சொல்லுங்கள். நான் விட்ட பிழையை நீங்கள் விடவேண்டாம்.

வீட்டுக்குள் நடக்கிற ஓய்வு

இது கொஞ்சம் சங்கடமான பகுதி. ஆனாலும் சொல்லவேண்டும்.

மகனோடோ மகளோடோ இருக்கிற அம்மாமார் பலருக்கு ஓய்வு என்பது பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது. அது சந்தோஷம்தான். ஆனால் காலை ஆறு மணி தொடங்கி இரவு எட்டு மணி வரை, கிழமையில் ஆறு நாள் என்றால் அது ஒரு முழுநேர வேலை. அதற்குச் சுப்பர் இல்லை, லீவு இல்லை. ஆங்கில வகுப்புக்குப் போக நேரம் இல்லை, சட்டத்தரணியைப் பார்க்கவும் மகனுக்கு லீவு கிடைக்கவேண்டும். பிள்ளைகளோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. 'தம்பி, செவ்வாயும் வியாழனும் காலமை எனக்கு வேணும்' என்று ஒரு எல்லை சொல்லுங்கள். முப்பது வருடம் நாற்பது பிள்ளைகளை அடக்கி வைத்திருந்த ரீச்சருக்கு இது முடியாத காரியமா?

உங்கள் சம்பளமோ உதவிப் பணமோ உங்கள் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும். வங்கி அட்டையும் இரகசிய இலக்கமும் உங்களிடம் இருக்கட்டும். பிறகு விரும்பியதை விரும்பியவருக்குக் கொடுங்கள். கடவுச்சீட்டு, வீசாக் கடிதங்களின் பிரதி உங்கள் கைப்பையில் இருக்கட்டும். காசைப் பறிக்கிறார்கள், பயமுறுத்துகிறார்கள், வெளியே விடுகிறார்கள் இல்லை என்றால், அது குடும்ப விஷயம் என்று மூடி வைக்காதீர்கள். எங்களிடம் சொன்னால் உங்களைக் கேட்காமல் நாங்கள் ஒருவரிடமும் சொல்லமாட்டோம். உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் உதவி கூப்பிடுவோம்.

காத்திருக்கிற காலம்

கடைசியாக ஒன்று. ஐம்பத்து மூன்றில் வந்து, ஐம்பத்தொன்பது ஆகியும் முடிவு வராமல் இருப்பவர்கள் எங்களிடம் வருகிறார்கள். வேலையில் இருக்கிற ஆளும் இல்லை, ஓய்வு பெற்ற ஆளும் இல்லை, காத்திருக்கிற ஆள். இந்த நிலைமைதான் ஆளை உள்ளே இருந்து தின்னும். நித்திரை வராது, சாப்பாடு இறங்காது, 'நான் ஏன் இருக்கிறன்' என்ற எண்ணம் வரும். சிட்னியில் ஸ்ராட்ஸ், மெல்பேர்ணில் ஃபவுண்டேஷன் ஹவுஸ் என்ற அமைப்புகள் இப்படிப்பட்ட துன்பங்களைத் தாண்டி வந்தவர்களுக்கென்றே இருக்கின்றன. அங்கே போவது விசர் என்பதற்காக இல்லை. காய்ச்சலுக்கு டொக்டரிடம் போகிற மாதிரித்தான்.

நான் தொடக்கத்தில் சொன்ன அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. கிழமையில் மூன்று நாள் ஒரு சமையலறையில் வேலை செய்கிறார். சுப்பர் கட்டுகிறார்கள், நிதியத்துக்குப் போன் எடுத்துப் பார்த்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீடுகளில் உள்ள நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார், காசு வாங்குவதில்லை. போன மாதம் வேறொரு படிவம் நிரப்பினோம். 'தொழில்' என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே எழுதினார்: ஆசிரியை, 28 வருடம். அதற்குக் கீழே: சமையலறை உதவியாளர்.

தேத்தண்ணிக்கு எழும்பமுன் ஒரு சின்ன வேலை செய்வோம். ஒவ்வொருவராக எழும்புங்கோ. பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். என்ன வேலை செய்தனீங்கள், எத்தனை வருடம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. தையல், தோட்டம், தாதி, வங்கி, படிப்பித்தது, வீட்டில் பிள்ளை வளர்த்தது எல்லாம் கணக்குத்தான். சொன்ன ஒவ்வொருவருக்கும் நாங்கள் எல்லோரும் எழும்பி நின்று கைதட்டுவோம். ஊரில் வைக்காமல் விட்ட சேவைநலன் பாராட்டு விழாவை இங்கே வைப்போம். மாலை வாங்கக் காசில்லை, வடை இருக்குது.



பயன்படும் தொலைபேசி இலக்கங்கள்

தமிழ் மொழிபெயர்ப்பாளர் (முதலில் இதற்கு எடுத்து, 'ரமில்' என்று சொல்லி, எந்த இடத்தோடு கதைக்கவேண்டும் என்று சொல்லுங்கள்): 131 450
சம்பளம், வேலை உரிமை (ஃபெயர் வேர்க்): 13 13 94
முதியோருக்கு வீட்டில் நடக்கும் கொடுமை: 1800 353 374
குடும்ப வன்முறை: 1800 737 732
மன நெருக்கடி, எந்த நேரமும் (லைஃப்லைன்): 13 11 14
உயிராபத்து: 000